வீட்டுமுறை மின்சுற்றுப் பலகை ஆக்கத்தில் மைத்தாரை மைகளின் தெரிவு: ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

செப்புப் பூச்சுடைய பலகையின்மேல் இங்க்ஜெட் எனப்படும் மைத்தாரை அச்சுப்பொறியால் சுற்று வடிவத்தை நேரடியாக அச்சிட்டு, மை மறைக்காத செம்பை வேதிக்கரைசலில் அரித்தெடுப்பது, குறைந்த செலவில் மின்சுற்றுப் பலகை செய்யும் வழிகளுள் ஒன்றாகும். இவ்வழியின் வெற்றி அச்சுப்பொறியைவிட அதில் நிரப்பப்படும் மையையே மிகுதியும் சார்ந்துள்ளது. சாய மை, நிறமி மை, கரைப்பான் மை, மெழுகு மை, புறஊதாவில் இறுகும் மை, மின்கடத்தும் மை ஆகியவற்றின் இயற்பிய, வேதியப் பண்புகளை ஒப்பிட்டு, எப்பணிக்கு எம்மை பொருந்தும் என்பதையும் அதற்கான காரணங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது. மையை அச்சுப்பொறியில் ஊற்றுமுன் செய்யத்தக்க எளிய சோதனைகளும் இதில் முன்வைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மின்சுற்றுப் பலகை, மைத்தாரை அச்சு, நிறமி மை, சாய மை, அரிப்புத்தடுப்பு, பாகுநிலை, பரப்பு இழுவிசை, ஃபெரிக் குளோரைடு

முன்னுரை

அச்சிட்ட மின்சுற்றுப் பலகை என்னும் பெயரிலேயே அச்சுத்தொழில் இடம்பெற்றிருக்கிறது. ஆஸ்திரியாவில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய பொறியாளர் பால் ஐஸ்லர், 1943ஆம் ஆண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். செப்புத் தகட்டின்மேல் அரிப்பைத் தாங்கும் பொருளால் சுற்றின் வடிவத்தை அச்சிட்டு, எஞ்சிய செம்பை அரித்து நீக்குவதே அவர் வகுத்த வழியின் உயிர்நாடி. தொழிற்சாலைகள் இன்று ஒளியுணர் படலங்களுக்கு மாறிவிட்டபோதிலும், மறைத்த இடம் எஞ்சும், மறைக்காத இடம் கரையும் என்னும் அடிப்படை மாறவில்லை.

கல்லூரி ஆய்வகங்களிலும் வீடுகளிலும் பலகை செய்வோர் பெரும்பாலும் லேசர் அச்சை வழவழப்பான தாளில் எடுத்து, இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றிச் செம்பின்மேல் பெயர்க்கின்றனர். தாள் நகர்ந்தாலோ, அழுத்தம் சீராக அமையாவிட்டாலோ கோடுகள் அறுபடுகின்றன. பெயர்க்கும் படியையே நீக்கிச் செம்பின்மேல் நேரே அச்சிடும் எண்ணம் இக்குறையிலிருந்து பிறந்தது. எனினும் இவ்வழிக்கு வருவோரில் பலர் முதல் பலகையிலேயே தோல்வியுறுகின்றனர். லேசர் பொறியின் டோனர் இயல்பிலேயே சூட்டில் உருகும் நெகிழித் தூள். மைத்தாரை மையோ பெரும்பகுதி நீர். டோனர் இயல்பாகவே ஆற்றும் காப்புப் பணியை மையும் ஆற்றும் எனக் கொள்வதே தோல்வியின் வேர்.

சென்னை ரிச்சி தெரு போன்ற கடைவீதிகளில் செப்புப் பூச்சுப் பலகையும் ஃபெரிக் குளோரைடும் எளிதில் கிடைக்கின்றன. ஆனால் மைப் புட்டியின்மேல் நிறமும் பொருந்தும் பொறியின் பெயரும் இருக்குமேயன்றி, அம்மை அரிகரைசலைத் தாங்குமா என்னும் செய்தி இராது. தவறான தெரிவால் ஒரு பலகை மட்டுமன்றி, அச்சுப்பொறியின் தலையும் பழுதாகக்கூடும். ஆதலின் தெரிவுக்கு அடிப்படையான கூறுகளை அறிதல் இன்றியமையாததாகிறது.

மையின் மூவகைப் பணி

சுற்றுப்பலகை ஆக்கத்தில் மைத்தாரை மை மூன்று வெவ்வேறு பணிகளுக்குப் பயன்படுகிறது. முதலாவது, செம்பின்மேல் நேரே படிந்து அரிப்பைத் தடுக்கும் பணி. இரண்டாவது, ஒளிபுகும் தாளில் படிந்து, ஒளியுணர் படலத்தின்மேல் புறஊதாக் கதிர் விழாதபடி மறைக்கும் பணி. மூன்றாவது, தானே மின்கடத்தியாக நின்று செம்பின் இடத்தை ஏற்கும் பணி. முதற்பணிக்கு வேதித் தாங்குதிறன் தேவை. இரண்டாவதற்கு ஒளியடர்த்தி தேவை. மூன்றாவதற்குக் குறைந்த மின்தடை தேவை. ஒரு பணிக்குச் சிறந்த மை மற்றொன்றுக்கு முற்றிலும் பயனற்றதாகலாம். 'எது நல்ல மை?' என்னும் வினாவுக்கு முன் 'எப்பணிக்கு?' என்னும் வினா எழுப்பப்பட வேண்டும்.

துளியும் துளைமுனையும்

எந்த மையாயினும் முதலில் அது துளைமுனையிலிருந்து ஒழுங்கான துளியாகப் புறப்பட வேண்டும். இதில் அச்சுத் தலையின் வகை முதன்மை பெறுகிறது. எச்பி, கேனன் நிறுவனங்களின் வீட்டுப் பயன்பாட்டுப் பொறிகள் வெப்பவழித் தலையைக் கொண்டவை. அங்கே நுண்ணிய சூடேற்றி சில மைக்ரோ வினாடிகளில் மையின் ஒரு மென்படலத்தைக் கொதிக்கச் செய்து, எழும் குமிழியின் அழுத்தத்தால் துளியைத் தள்ளுகிறது. ஆகவே அம்மையில் கொதிக்கத்தக்க நீர் மிகுந்திருக்க வேண்டும். சூட்டில் இறுகும் பிசின் மிகுந்தால் அது சூடேற்றியின்மேலேயே கருகிப் படியும். எப்சன் பொறிகளிலோ அழுத்தமின் படிகம் வளைந்து மையைத் தள்ளுகிறது, மை சூடேறுவதில்லை. பிசின் கலந்த மைகளைச் செலுத்த விரும்புவோர் அழுத்தமின் தலையுடைய பொறிகளை நாடுவதன் காரணம் இதுவே.

மையின் பாகுநிலை, பரப்பு இழுவிசை, அடர்த்தி, துளையின் விட்டம் ஆகிய நான்கையும் இணைத்துக் காட்டும் அளவு ஓனசோர்க் எண் எனப்படும். பாகுநிலையை, மற்ற மூன்றின் பெருக்கற்பலனது வர்க்கமூலத்தால் வகுத்தால் இவ்வெண் கிடைக்கும். இதன் தலைகீழ் மதிப்பு ஏறத்தாழ 1 முதல் 10 வரை இருக்கும்போது துளி ஒழுங்காக உருவாகும் என்பது மைத்தாரை ஆய்வுகளில் பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. பாகுநிலை 3 மில்லிபாஸ்கல் வினாடி, பரப்பு இழுவிசை மீட்டருக்கு 30 மில்லிநியூட்டன், அடர்த்தி கனமீட்டருக்கு 1050 கிலோகிராம், துளை விட்டம் 25 மைக்ரான் எனக் கொண்டால் அத்தலைகீழ் மதிப்பு ஏறத்தாழ 9.4 ஆகிறது, துளி புறப்படும். பாகுநிலையை மட்டும் பத்து மடங்காக்கினால் மதிப்பு 0.94ஆகக் குறைந்து வரம்புக்கு வெளியே செல்கிறது. அம்மை துளையிலேயே நின்றுவிடும். வண்ணப்பூச்சையோ, ஒளியுணர் திரவத்தையோ, நகப்பூச்சையோ மைக்கூட்டில் ஊற்றும் முயற்சிகள் தோற்பதன் காரணம் இக்கணக்கில் தெளிவாகிறது.

மையிலுள்ள துகளின் அளவும் கருதத்தக்கது. துகளின் விட்டம் துளை விட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்பது நடைமுறை விதி. 25 மைக்ரான் துளைக்கு அது 0.5 மைக்ரான். அச்சு நிறமிகள் பொதுவாக 0.1 மைக்ரான் அளவில் அரைக்கப்படுவதால் இவ்வரம்புக்குள் அடங்குகின்றன. ஆனால் இருவேறு நிறுவனங்களின் நிறமி மைகளைக் கலந்தால், அவற்றின் சிதறல் நிலை குலைந்து துகள்கள் திரளக்கூடும். சாய மை இருந்த பொறியில் நிறமி மையை நிரப்பும்போதும் குழாய்களையும் தலையையும் முழுமையாகக் கழுவிய பின்னரே நிரப்புதல் வேண்டும்.

மை வகைகளும் அரிகரைசலும்

ஃபெரிக் குளோரைடு செம்புடன் வினைபுரிந்து ஃபெரஸ் குளோரைடாகவும் குப்ரிக் குளோரைடாகவும் மாறுகிறது. இவ்வினை நடைபெறும் ஊடகம் அமிலத் தன்மையுடைய நீர்க்கரைசல். மையின் தாங்குதிறனை மதிப்பிட இவ்விரு பண்புகளையும், அதாவது நீரையும் அமிலத்தையும், மனத்திற்கொள்ள வேண்டும்.

சாய மையில் நிறப்பொருள் நீரில் மூலக்கூறு அளவில் கரைந்துள்ளது. தாளில் அச்சிடும்போது அது இழைகளுக்குள் உறிஞ்சப்பட்டு நிலைக்கிறது. செம்பு எதையும் உறிஞ்சாது. அதன்மேல் உலர்ந்த சாயம், கரைசலில் இட்டவுடன் மீண்டும் கரைந்துவிடுகிறது. அடர்ந்த கருமை கண்ணுக்குத் தோன்றினாலும் அது காப்பன்று. தொட்டிவகை அச்சுப்பொறிகள் பலவற்றில் வழங்கப்படும் மை, எடுத்துக்காட்டாக எப்சன் 664 வரிசை, சாய மையே ஆகும். தாள் அச்சுக்குரிய அம்மையை அரிப்புத்தடுப்பாகக் கொள்ள இயலாது.

நிறமி மையில் நிறப்பொருள் கரையாத துகளாக மிதக்கிறது. சில வரிசைகளில், எப்சனின் டுராபிரைட் போன்றவற்றில், துகள்கள் பிசினால் உறையிடப்பட்டுள்ளன. நீர் ஆவியானபின் சூடேற்றினால் பிசின் இளகி, துகள்களை ஒன்றோடொன்றும் செம்போடும் பிணைக்கிறது. காப்பை அளிப்பது நிறமியன்று, பிசினே என்பது இங்கு வலியுறுத்தத்தக்கது. பிசின் குறைந்த நிறமி மை, நீரில் கரையாவிடினும் துகள் துகளாக உதிர்ந்துபோகும்.

நிறமி மைகளில் பயன்படும் பிசின்கள் பலவற்றில் கார்பாக்சிலிக் அமிலத் தொகுதிகள் உள்ளன. மை சற்றே காரத்தன்மையுடன் இருக்கும்வரை இத்தொகுதிகள் மின்னூட்டம் பெற்றுப் பிசினை நீரில் நிலைநிறுத்துகின்றன. அமிலக் கரைசலில் மின்னூட்டம் நீங்குவதால் பிசின் கரையாத நிலையை அடைகிறது. ஆகவே ஃபெரிக் குளோரைடு, அமிலம் கலந்த குப்ரிக் குளோரைடு ஆகியவை இம்மைக்கு இணக்கமான அரிகரைசல்கள். அமோனியா கலந்த காரக் கரைசல்களோ இதற்கு நேர்மாறானவை; அவற்றில் அதே பிசின் இளகிக் கழன்றுவிடும். அரிப்பு முடிந்தபின் மையை அகற்றக் காரக்கரைசல் உதவுவதும் இப்பண்பினாலேயே.

கரைப்பான் மை, விளம்பரப் பதாகை அச்சில் பயன்படுவது. வினைல் போன்ற பிசின்கள் கரிமக் கரைப்பானில் கரைந்திருப்பதால் செம்பில் நன்கு ஒட்டும். நீர்க்கரைசலை எளிதில் தாங்கும். ஆனால் வீட்டுப் பொறியின் குழாய்களையும் அடைப்பான்களையும் அக்கரைப்பான் ஊறிப் பெருக்கச் செய்யும். புறஊதாவில் இறுகும் மை, அக்ரிலேட் சேர்மங்கள் ஒளியால் பிணைந்து திண்மமாவதால் மிக உறுதியான காப்பைத் தருகிறது. எனினும் அதன் பாகுநிலை மிகுதி. சூடேற்றிய தொழிற்சாலைத் தலை வேண்டும். இறுகாத மை தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். மெழுகு மை, டெக்ட்ரானிக்ஸ் உருவாக்கிப் பின்னர் ஜெராக்ஸ் நிறுவனத்திடம் சென்ற ஃபேசர் வரிசைப் பொறிகளில் பயன்பட்டது. உருகிய மெழுகு செம்பில் விழுந்தவுடன் உறைவதால் பரவலும் குறைவு, காப்பும் நன்று. ஆயினும் அதற்கென அமைந்த பொறியிலன்றி வேறொன்றில் பயன்படுத்த இயலாது. ஆகவே, வீட்டுப் பொறிக்கு எட்டும் தெரிவு பிசின் செறிந்த நிறமி மையே எனலாம்.

ஒரு கூட்டில் உள்ள நிறங்கள் அனைத்தும் ஒரே தன்மையுடையன எனக் கொள்ளலாகாது. பல பொறிகளில் கறுப்பு மட்டும் நிறமியாகவும் மற்றவை சாயமாகவும் அமைந்துள்ளன. அச்சு மென்பொருள் வண்ணங்களைக் கலந்து கறுப்பை உருவாக்கினால், நிறமி மை நிரப்பியும் சாயமே செம்பில் படியும். கறுப்பு மை மட்டும் பயன்படுமாறு அமைப்பைத் தேர்ந்தெடுப்பதும் மைத்தெரிவின் ஒரு பகுதியே.

செப்புப் பரப்பின் பங்கு

தூய செம்பின்மேல் மை பரவும். எண்ணெய்ப் பிசுக்குள்ள செம்பின்மேல் மை முத்து முத்தாகத் திரளும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையே வேண்டப்படுவது. 3 பிக்கோலிட்டர் துளி ஏறத்தாழ 18 மைக்ரான் விட்டமுடையது. உறிஞ்சாத பரப்பில் அது அண்டைத் துளிகளுடன் சேர்ந்து குட்டையாகத் தேங்கும். நேர்கோடுகளாகத் தேய்த்த கீறல்கள் வாய்க்கால்கள் போல் மையை இழுத்துச் செல்லும். எனவே ஒரே திசையில் தேய்க்காமல் வட்டமாகத் தேய்த்தலும், ஃபெரிக் குளோரைடில் சில நொடிகள் தோய்த்து மங்கலான சீர்ப்பரப்பை உண்டாக்கலும், சோப்பு நீரால் கழுவி ஐசோபுரோப்பைல் ஆல்ககாலால் துடைத்தலும் பரிந்துரைக்கப்படுகின்றன. அச்சிடுமுன் பலகையை மிதமாகச் சூடேற்றினால், துளி பரவுமுன் நீர் ஆவியாகிப் பாகுநிலை உயரும். கோட்டின் ஓரம் கூர்மையாகும்.

பலகையின் தடிப்பும் கருதற்குரியது. தாளை வளைத்துச் செலுத்தும் பொறியில் பலகை நுழையாது. குறுந்தகட்டின்மேல் அச்சிடும் வசதியுள்ள பொறிகள், 1.2 மி.மீ. தடிப்புள்ள வளையாத தகட்டை நேர்ப்பாதையில் ஏற்பவை. 0.8 மி.மீ. பலகை அவ்விடைவெளியில் அடங்கும், வழக்கமான 1.6 மி.மீ. பலகைக்குத் தலையை உயர்த்த வேண்டும். மையும் பொறியும் பலகையும் ஒருங்கே தெரிவு செய்யப்பட வேண்டியவை என்பது இதனாற் பெறப்படுகிறது.

படலத் தடிப்பும் சுடுதலும்

அங்குலத்திற்கு 720 புள்ளிகள் வீதம் 3 பிக்கோலிட்டர் துளிகளை இட்டால், ஈரப்படலத்தின் தடிப்பு ஏறத்தாழ 2.4 மைக்ரான் ஆகும். மையில் திண்மப்பொருள் 8 விழுக்காடு எனக் கொண்டால், உலர்ந்தபின் எஞ்சுவது 0.2 மைக்ரான் மட்டுமே. 35 மைக்ரான் செம்பு முழுதும் கரையும்வரை இம்மெல்லிய படலம் தாங்க வேண்டும். ஒரு தூசித் துகளே நுண்துளை உண்டாக்கப் போதுமானது என்பது இவ்வளவையால் விளங்கும். இருமுறை அச்சிடுவது தடிப்பைக் கூட்டும். ஆயின் இரண்டாம் முறை பலகை அணுவளவும் நகராதிருத்தல் வேண்டும்.

சுடுதலின் நோக்கம் உலர்த்துதல் மட்டுமன்று. மையில் காய்வதைத் தடுக்கச் சேர்க்கப்பட்ட கிளிசரால், கிளைக்கால் போன்றவற்றை வெளியேற்றிப் பிசினை ஒரே படலமாக இணைத்தலே முதன்மை நோக்கம். அவை எஞ்சினால், படலம் அரிகரைசலில் இளகும். இவ்வழியைப் பின்பற்றுவோர் 200 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பநிலையைப் பயன்படுத்துவதுண்டு. கண்ணாடியிழை எஃப்.ஆர்.4 பலகையின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை பொதுவாக 130 முதல் 140 பாகை. பழுப்பு நிறப் பினாலிக் பலகைக்கு அது இன்னும் குறைவு. பற்றாசு வெப்பத்தைச் சில நொடிகள் தாங்கும் பலகையாயினும், நீடித்த சூட்டில் நிறம் மாறி வளையக்கூடும். ஆதலின் 150 பாகையில் தொடங்கி, சிறு துண்டுகளில் சோதித்து, மை நிலைக்கும் மிகக் குறைந்த வெப்பநிலையைக் கண்டறிதலே முறையாகும்.

அரிப்பு கீழ்நோக்கி மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் நிகழ்கிறது. செம்பின் தடிப்பளவே பக்கவாட்டில் இழப்பு எனக் கொண்டால், 0.25 மி.மீ. அகலக் கோடு 0.18 மி.மீ. ஆகக் குறையும். வரைபடத்திலேயே கோட்டை இதற்கேற்ப அகலப்படுத்துதல் வேண்டும்.

ஒளிமறைப்புத் தாளுக்குரிய மை

ஒளியுணர் படலத்தைப் பயன்படுத்துவோருக்கு மை செம்பைத் தொடுவதே இல்லை. அது தாளில் நின்று புறஊதாவை மறைக்கிறது. ஒளியடர்த்தி 3 எனில், விழும் ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்கே கடந்து செல்லும், 1.5 எனில் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பங்கு கடக்கும். கறுப்புச் சாயங்கள் கண்ணுக்குப் புலப்படும் ஒளியை விழுங்குமாறு வடிவமைக்கப்பட்டவை. 365 நானோமீட்டர் கதிரை அவை அதே அளவில் தடுக்கும் என்பதற்கு உறுதியில்லை. கண்ணுக்குக் கருமையாகத் தோன்றுவது புறஊதாவுக்குக் கருமை ஆகாது. கரிம நிறமியோ புறஊதா முதல் அகச்சிவப்பு வரை பரந்த அலைநீளங்களை உட்கவர்வது. இப்பணிக்கும் அதுவே பொருத்தமானது. அடர்த்தி குறைந்தால், 1.5 அடர்த்தியுள்ள இரு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாகப் பொருத்தி 3 ஆக்கலாம். இவ்வழியில் மைக்கு வேதித் தாங்குதிறன் தேவையில்லாமையால், மாற்றம் செய்யாத சாதாரண அச்சுப்பொறியே போதுமானது.

மின்கடத்தும் மை

வெள்ளி நானோத் துகள் மை, செம்பையும் அரிப்பையும் தவிர்க்கும் வழியாகப் பேசப்படுகிறது. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கவாஹாராவும் குழுவினரும் 2013ஆம் ஆண்டு யுபிகாம்ப் மாநாட்டில் வெளியிட்ட ஆய்வு, வீட்டு அச்சுப்பொறியில் இம்மையை நிரப்பிச் சிறப்புப் பூச்சுத் தாளில் சுடுதலின்றியே சுற்றுகளை அச்சிட்டுக் காட்டியது. கிடைத்த தாள்தடை சதுரத்திற்கு ஏறத்தாழ 0.2 ஓம். 35 மைக்ரான் செம்பின் தாள்தடை ஏறத்தாழ 0.0005 ஓம். 0.5 மி.மீ. அகலமும் 50 மி.மீ. நீளமும் உள்ள தடம் 100 சதுரங்களுக்குச் சமம். வெள்ளி மையில் அதன் தடை 20 ஓம், செம்பில் 0.05 ஓம். 100 மில்லியாம்பியர் பாய்ந்தால், முன்னதில் 2 வோல்ட் இழப்பு. பின்னதில் 5 மில்லிவோல்ட் மட்டுமே. உணரிகளுக்கும் தொடுபரப்புகளுக்கும் வெள்ளி மை ஏற்றது. மின்வழங்கல் தடங்களுக்கு அது செம்பின் மாற்றாகாது.

தெரிவுக்கு முந்தைய சோதனைகள்

மையை அச்சுப்பொறியில் நிரப்புமுன், கண்ணாடிக் கோலால் ஒரு துளியைத் தூய்மைசெய்த செப்புத் துண்டில் மெல்லத் தடவிச் சுட வேண்டும். ஈரத்துணியால் துடைத்தபின் நிறம் துணியில் ஏறினால் அம்மை அங்கேயே விலக்கத்தக்கது. ஏறாவிடில், பாதியை மறைத்தும் பாதியை மறைக்காமலும் உள்ள அத்துண்டை அரிகரைசலில் இட்டு, மறைக்காத செம்பு முழுதும் கரையும்வரை வைத்து, மைக்கு அடியிலுள்ள செம்பை உருப்பெருக்கியால் நோக்க வேண்டும். இறுதியாகக் காரக்கரைசலிலோ அசிட்டோனிலோ மை நீங்குகிறதா எனக் காண வேண்டும். நீங்காத மையின்மேல் பற்றாசு ஒட்டாது. கையால் தடவிய படலம் அச்சுப் படலத்தைவிடத் தடிப்பானது. எனவே இச்சோதனையில் தோற்ற மையை உறுதியாக விலக்கலாம். வென்ற மையையோ 0.2 முதல் 0.5 மி.மீ. வரையிலான கோடுகளை அச்சிட்டு மீண்டும் சோதித்த பின்னரே ஏற்கலாம்.

காப்பும் கழிவும்

மையைச் சுடும்போது கரிம ஆவிகள் எழுவதால், காற்றோட்டமுள்ள இடத்தில் தனி அடுப்பைப் பயன்படுத்த வேண்டும். சமையலுக்குரிய அடுப்பை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. அரிப்புக்குப் பிந்தைய கரைசலில் கரைந்துள்ள செம்பு நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. அதைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றாமல், சலவைச் சோடாவால் நடுநிலையாக்கி, படியும் கசடைத் தனியே உலர்த்தி இடர்க்கழிவாக ஒப்படைத்தலே முறை. நடுநிலையாக்கும்போது வாயு பொங்குமாதலால் சிறிது சிறிதாகவே சேர்த்தல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. செம்பின்மேல் நேரே அச்சிடுவதற்குச் சாய மை பயன்படாது. பிசின் செறிந்த நிறமி மையே ஏற்றது. அதைச் செலுத்த அழுத்தமின் தலையும், அதை அரிக்க அமிலத் தன்மையுள்ள கரைசலும் இணக்கமானவை. ஒளிமறைப்புத் தாளுக்குக் கரிம நிறமி மையின் புறஊதா அடர்த்தியே அளவுகோல். மின்கடத்தும் மை, குறைந்த மின்னோட்டச் சுற்றுகளுக்குள் அடங்குவது. கரைப்பான், மெழுகு, புறஊதா மைகள் காப்பில் சிறந்தவையாயினும், தமக்குரிய பொறியின்றிப் பயன்தரா.

மையின் நிறத்தையோ விலையையோ கொண்டு தெரிவு செய்வோர், பலகை அரிகரைசலில் கிடக்கும்போதுதான் தவறை அறிகின்றனர். ஒரு துளியும் ஒரு செப்புத் துண்டும் கொண்டு செய்யப்படும் முன்சோதனை, அத்தவறை அச்சுப்பொறியைத் தொடுமுன்னரே காட்டிவிடும். பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகளின் ஆய்வகப் பயிற்சியில் இச்சோதனை இடம்பெறுமாயின், மாணவர் ஒரு பலகையைச் செய்யக் கற்பதோடு, அதற்கு அடிப்படையான பரப்பியலையும் பலபடி வேதியியலையும் கைப்பட உணர்வர்.